பணியிடத் தேர்வில் நனவிலிச் சார்பும் உள்ளடக்கிய நடைமுறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

பணியாளரைத் தேர்ந்தெடுத்தல், மதிப்பிடுதல், அவர்க்குப் பொறுப்பளித்தல் ஆகிய நிலைகளில், மதிப்பிடுவோர் தாமே அறியாத சார்புகள் அவர்தம் முடிவுகளில் இடம்பெறுகின்றன. இவற்றை நீக்க மனமாற்றப் பயிற்சியே போதுமானது என்னும் கருத்து நிறுவனங்களிடையே பரவலாக உள்ளது. இக்கருத்தைக் களச்சோதனைகள், உளவியல் ஆய்வுகள், நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது. தேர்வு நடைமுறையை மாற்றியமைப்பதே மனமாற்றப் பயிற்சியினும் உறுதியான வழி என்பதையும், நடைமுறை ஒழுங்காக இருப்பினும் தகுதி வரையறை குறுகியதாயின் உள்ளடக்கம் நிகழாது என்பதையும் உத்திரமேரூர்க் குடவோலை முறையோடு ஒப்பிட்டு எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: நனவிலிச் சார்பு, உள்ளடக்கிய பணியிடம், பணித்தேர்வு, கட்டமைந்த நேர்காணல், மறைமுகப் பாகுபாடு, குடவோலை.

முன்னுரை

ஒருவரைப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அரசன் எவ்வாறு ஆற்ற வேண்டும் என்பதைத் திருக்குறள் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களில் விரித்துரைக்கிறது. ஆராயாமல் தெளிவதும், அன்பின் காரணமாகவே அறிவற்றவரைத் தெளிவதும் தீங்கு தரும் என்பது வள்ளுவர் கருத்து. தேர்ந்தெடுப்பவரின் விருப்பு தகுதியாய்வினுள் புகுந்துவிடும் என்பதை உணர்ந்தே இவ்வெச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது எனலாம்.

இன்றைய பணியிடத்தில் இச்சிக்கல் வேறொரு வடிவில் நிலவுகிறது. வெளிப்படையான பாகுபாட்டைச் சட்டம் தடுக்கிறது. தேர்வுக்குழுவினரும் தாம் தகுதியை மட்டுமே கருதுவதாக உண்மையாகவே நம்புகின்றனர். எனினும், நிகரான தகுதி உடையோர் நிகரான வாய்ப்பைப் பெறுவதில்லை. இவ்விடைவெளியை விளக்க எழுந்த கருத்தாக்கங்களுள் ஒன்றே நனவிலிச் சார்பு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று வேலை தேடும் ஒருவரின் வாழ்க்கை, தேர்வறையில் சில நிமிடங்களில் உருவாகும் எண்ணத்தைப் பொறுத்து அமைந்துவிடுகிறது. எனவே இதனை ஆராய்வது இன்றியமையாததாகிறது.

நனவிலிச் சார்பு: கருத்தாக்கமும் அளவீடும்

ஒரு குழுவினரைப் பற்றிச் சமூகத்தில் நிலைபெற்றுள்ள படிமங்கள், தனிமனிதரின் விருப்பத்தையோ ஒப்புதலையோ எதிர்பாராமல், அவர்தம் மதிப்பீட்டில் செயற்படுவதே நனவிலிச் சார்பு எனப்படுகிறது. இது வெறுப்பினின்றும் வேறானது. சமத்துவத்தில் உறுதியான பற்றுடையவரிடத்தும் இது காணப்படலாம்.

இதனை அளப்பதற்கான உள்ளுறைத் தொடர்புச் சோதனையை அந்தோணி கிரீன்வால்ட், டெபி மெக்கீ, ஜோர்டன் ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 1998இல் வெளியிட்டனர். செகந்திராபாத்தில் பிறந்த உளவியலறிஞர் மஹ்சரின் பானாஜி இத்துறையை வளர்த்தெடுத்தோருள் முதன்மையானவர். திரையில் தோன்றும் சொற்களையும் படங்களையும் இருவகையாக விரைந்து பிரிக்குமாறு இச்சோதனை கேட்கிறது. ஒருவர் மனத்தில் ஏற்கெனவே இணைந்துள்ள கருத்துகளை ஒரே வகையில் சேர்ப்பது அவர்க்கு எளிது. இணையாதவற்றைச் சேர்க்கக் கூடுதல் நேரமாகும். அந்நேர வேறுபாடே அளவுகோல்.

இவ்வளவுகோலுக்கு எல்லைகள் உள்ளன. ஒரே மனிதர் வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு மதிப்பெண் பெறுகிறார். சோதனையின் மதிப்பெண்ணுக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பும் வலுவானதன்று. ஆகவே, தனிமனிதர் ஒருவரைச் சார்புடையவர் எனத் தீர்ப்பளிக்க இச்சோதனையைப் பயன்படுத்துதல் முறையாகாது. சார்பு இருப்பதற்கான வலுவான சான்றுகளைச் சோதனைக்கூடத் திரையினும் தேர்வு முடிவுகளிலேயே தேட வேண்டியுள்ளது.

பெயர் மாறினால் முடிவும் மாறுதல்

மரியான் பெர்த்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகைக் களச்சோதனைகளுள் பெரிதும் எடுத்தாளப்படுவது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வெளியான 1300க்கும் மேற்பட்ட வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5000 தன்விவரக் குறிப்புகள் அனுப்பப்பட்டன. விண்ணப்பங்களுக்கு வெள்ளையர் பெயர்களும் கறுப்பினத்தவர் பெயர்களும் குலுக்கல் முறையில் இடப்பட்டன. வெள்ளையர் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலான அழைப்புகள் கிடைத்தன.

கல்வி நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. கோரின் மாஸ்-ராகுசின் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பம் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் அளிக்கப்பட்டது. ஒரு பகுதியினர்க்கு ஜான் என்னும் ஆணின் பெயரிலும், மறுபகுதியினர்க்கு ஜெனிஃபர் என்னும் பெண்ணின் பெயரிலும் அது சென்றது. ஜான் கூடுதல் திறனுடையவராகக் கருதப்பட்டார். அவர்க்குப் பரிந்துரைக்கப்பட்ட சராசரி ஆண்டு ஊதியம் 30,238 டாலர். ஜெனிஃபருக்கு 26,508 டாலர். மதிப்பிட்ட பேராசிரியர் ஆணா பெண்ணா என்பதால் இம்முடிவு மாறவில்லை. பெண் பேராசிரியர்களும் பெண் விண்ணப்பதாரரைக் குறைத்தே மதிப்பிட்டனர். ஒரு பாலினத்தார் மற்றொரு பாலினத்தார்மீது கொண்ட பகைமையாக இதனை விளக்க இயலாது. இருபாலாரும் ஒரே சமூகப் படிமத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதே பொருந்தும் விளக்கம்.

இந்தியச் சான்றுகள்

இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. செய்தித்தாள்களில் வந்த 548 தனியார்துறை வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயருடைய விண்ணப்பதாரரின் வாய்ப்பு அளவை 1 எனக் கொண்டால், அதே தகுதியுடைய தலித் பெயருடையவர்க்கு அது 0.67 ஆகவும், முஸ்லிம் பெயருடையவர்க்கு 0.33 ஆகவும் இருந்தது.

மாறுபட்ட சான்றும் உண்டு. அபிஜித் பானர்ஜி, பெர்த்ரண்ட், சௌகதோ தத்தா, முல்லைநாதன் ஆகியோர் தில்லிப் பகுதியில் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. 371 பணியிடங்களுக்கு 3160 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்ட இவ்வாய்வில், மென்பொருள் பணிகளில் சாதிசார் வேறுபாடு புலப்படவில்லை. வாடிக்கையாளருடன் தொலைபேசியில் உரையாடும் அழைப்பு மையப் பணிகளிலோ வேறுபாடு தென்பட்டது. பணித்திறனைக் குறிப்பிட்ட சான்றுகளால் அளக்க முடியும் இடத்தில் சார்பு குறைவதும், ‘பேச்சு’, ‘பாங்கு’ போன்ற வரையறைக்கு எளிதில் அடங்காத பண்புகளைக் கொண்டு முடிவெடுக்கும் இடத்தில் அது மிகுவதும் இவ்விரு துறைகளின் வேறுபாட்டிற்கு ஒரு விளக்கமாகலாம்.

இவ்விளக்கத்திற்கு வலுச்சேர்ப்பது சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் வெளியிட்ட நேர்காணல் ஆய்வு. பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரை அவர்கள் சந்தித்தனர். சாதி, மதம் ஆகியவற்றைக் கருதுவதில்லை என்று கூறிய மேலாளர்கள், விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்டறிவதை இயல்பான நடைமுறையாகக் கருதினர். நல்ல பழக்கவழக்கம், பண்பாடு, கல்விச்சூழல் ஆகியவற்றை அறிய அவ்வினா உதவும் என்பது அவர்கள் எண்ணம். தந்தையின் தொழில், பெற்றோரின் கல்வி, வளர்ந்த ஊர் ஆகியன விடையாக வரும்போது, அவற்றோடு சமூக நிலையும் சேர்ந்தே வெளிப்படுகிறது. தகுதி என்னும் சொல்லின் மறைவிலேயே பிறப்பு மதிப்பிடப்பட்டுவிடுகிறது.

தமிழ்நாட்டுச் சூழல்

பெயரின் வழியே சாதியை அறியும் முறை தமிழ்நாட்டிற்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப்பட்டங்களைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன்பெயரும் மட்டும் எழுதும் வழக்கம் இங்கு வேரூன்றியுள்ளது. வடநாட்டுக் களச்சோதனைகளைப் போலக் குடும்பப் பெயரை மாற்றி இங்கு ஆய்வு நிகழ்த்துதல் எளிதன்று.

எனினும், அடையாளம் காணும் முயற்சி முற்றும் மறைந்துவிடவில்லை. அது வேறு குறிகளை நாடுகிறது. ‘சொந்த ஊர் எது?’ என்னும் நட்பான வினாவைத் தொடர்ந்து ‘ஊரில் எந்தப் பக்கம்?’ என்னும் வினா எழுமாயின், அது இருப்பிடத்தை அறியும் வினாவாக மட்டும் நிற்பதில்லை. ஊரும் சேரியும் பிரிந்தே அமைந்த குடியிருப்பு முறையில் தெருவின் பெயரே சமூக அடையாளமாகிறது. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்னும் சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்கு இச்சொல் இழிவின் குறியாக மாறியமையே காரணம். விண்ணப்பத்தின் முகவரி வரி ஒன்றே தேர்வாளரின் மனத்தில் ஒரு படிமத்தை எழுப்பப் போதுமானது.

மொழியும் இவ்வாறே. வட்டார வழக்கு கலந்த பேச்சு, தமிழ்வழிக் கல்வி, ஆங்கில உச்சரிப்பு ஆகியன பணிக்குத் தேவையான திறனோடு தொடர்பற்ற நிலையிலும் ‘தன்னம்பிக்கை’, ‘ஆளுமை’ என்னும் தலைப்புகளின்கீழ் மதிப்பெண்ணாக மாறுகின்றன. நேர்காணல் படிவத்தில் வரையறையின்றி இடம்பெறும் ‘ஆளுமை’க்கான மதிப்பெண், தேர்வாளர் தம்மை ஒத்தவர்க்கு வழங்கும் மதிப்பெண்ணாகிவிட இடமுண்டு.

மனமாற்றப் பயிற்சியின் எல்லை

இச்சிக்கலுக்குப் பெருநிறுவனங்கள் பெரும்பாலும் காணும் தீர்வு பயிற்சி வகுப்பாகும். 2018 மே 29 அன்று ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் உள்ள தன் 8000க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடி, ஏறத்தாழ 1,75,000 பணியாளர்களுக்கு இத்தகைய பயிற்சி அளித்தது. பிலடெல்ஃபியாவில் கறுப்பின இளைஞர் இருவர் கடையில் கைதுசெய்யப்பட்ட நிகழ்வே இதற்குக் காரணமாகும்.

பயிற்சியால் விளையும் பயனை ஆய்வுகள் ஐயத்துடனேயே நோக்குகின்றன. கால்வின் லாய் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளுறைச் சார்பை உடனடியாகக் குறைத்த ஒன்பது வழிமுறைகளும் சில மணிநேரம் முதல் சில நாள்கள் வரையிலான இடைவெளிக்குப்பின் பயனற்றுப்போயின. பேட்ரிக் ஃபோர்ஷர் குழுவினர் 492 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட பகுப்பாய்வு, உள்ளுறை அளவீட்டில் ஏற்படும் மாற்றம் நடத்தை மாற்றத்திற்கு வழிவகுப்பதாகக் காட்டவில்லை. பிரித்தானிய அரசு தன் குடிமைப்பணியாளர்க்கான நனவிலிச் சார்புப் பயிற்சியைக் கைவிடுவதாக 2020 டிசம்பரில் அறிவித்தது.

பயிற்சி முற்றிலும் வீண் என்பது இதன் பொருளன்று. சிக்கல் இருப்பதை உணர்த்தவும், அதைப் பற்றிப் பேசுவதற்கான சொற்களைத் தரவும் அது உதவுகிறது. ஆனால் பயிற்சி முடிந்து திரும்பும் தேர்வாளர் பழைய படிவத்தையும் பழைய வினாக்களையுமே கையாளுவாராயின், மாற்றம் நிகழ வாய்ப்பில்லை. பயிற்சிச் சான்றிதழ் ‘நாம் சார்பற்றவர்’ என்னும் பொய்யான நிறைவைத் தரும் இடரும் உண்டு.

நடைமுறை மாற்றங்கள்

மனத்தைத் தூய்மையாக்கும் வரை காத்திராமல், சார்பு நுழையும் வாயில்களை அடைத்தலே மாற்றுவழி. அதற்கான நடைமுறைகளுள் நான்கு இங்கு ஆராயப்படுகின்றன.

முதலாவது, அளவுகோலை முன்கூட்டி வரையறுத்தல். எரிக் ஊல்மனும் ஜெஃப்ரி கோகனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஆண், பெண் என இருவர் மதிப்பிடப்பட்டனர். ஒருவர்க்குக் கள அனுபவமும் மற்றவர்க்குக் கல்வித்தகுதியும் இருந்தன. கல்வித்தகுதி ஆணிடம் இருந்தபோது, அப்பதவிக்குக் கல்வியே மிகவும் தேவை என மதிப்பிடுவோர் கூறினர். அதே தகுதி பெண்ணிடம் இருந்தபோது அதற்கு அத்துணை முதன்மை தரவில்லை. விரும்பியவரைத் தேர்ந்துவிட்டு அவர்க்கேற்ப அளவுகோலை அமைத்துக்கொண்டனர் என்பது இதனால் தெளிவாகிறது. விண்ணப்பதாரரைக் காணுமுன்பே எத்தகுதி முதன்மையானது என முடிவுசெய்தோரிடம் இப்பாகுபாடு காணப்படவில்லை.

இரண்டாவது, கட்டமைந்த நேர்காணல். அனைவர்க்கும் ஒரே வினாக்கள், ஒரே வரிசை, விடைக்கு முன்வரையறுத்த மதிப்பெண், உறுப்பினர் ஒவ்வொருவரும் கலந்துரையாடலுக்கு முன்பே தனித்தனியே மதிப்பிடுதல் ஆகியன இதன் கூறுகள். பால் சாக்கெட் குழுவினர் 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, பணித்திறனை முன்னுணர்த்தும் ஆற்றல் கட்டமைந்த நேர்காணலுக்கு 0.42; கட்டமைப்பற்றதற்கு 0.19. சார்பைக் குறைக்கும் முறை தகுதியை விட்டுக்கொடுக்கும் முறை என்னும் அச்சத்திற்கு இவ்வெண்கள் இடந்தரவில்லை. நேர்காணலையே தவிர்ப்பதும் ஒரு வழியே. இந்திய ஒன்றிய அரசு 2016 சனவரி 1 முதல் ‘சி’ பிரிவு உள்ளிட்ட கீழ்நிலைப் பணியிடங்களுக்கு நேர்காணலை நீக்கியது.

மூன்றாவது, அடையாளம் மறைத்தல். அமெரிக்க இசைக்குழுக்களில் கலைஞரைத் திரைக்குப் பின்னிருந்து இசைக்கச் செய்து தேர்ந்தெடுக்கும் முறை பரவியது. காலடியோசையால் பாலினம் புலப்படாதிருக்கத் தரைவிரிப்பும் இடப்பட்டது. 1970இல் முன்னணி ஐந்து இசைக்குழுக்களில் 5 விழுக்காட்டிற்கும் குறைவாக இருந்த பெண்கள் 1997இல் 25 விழுக்காடாயினர். இம்மாற்றத்தில் திரைக்கும் பங்குண்டு என்பதைக் கிளாடியா கோல்டினும் சிசிலியா ரௌஸும் 2000இல் எடுத்துக்காட்டினர். அவர்தம் தரவுகள் அம்முடிவைத் தாங்கப் போதியனவா என்னும் வினாவைப் பின்வந்தோர் எழுப்பியுள்ளனர். பிரான்சில் பெயரற்ற தன்விவரக் குறிப்புகளைக் கொண்டு நடத்திய சோதனை எதிர்பாரா முடிவைத் தந்தது. சோதனையில் பங்கேற்ற நிறுவனங்களில் சிறுபான்மையினர்க்கான அழைப்பு குறைந்தது. தாமாக முன்வந்த அந்நிறுவனங்கள் முன்பே சிறுபான்மையினரிடம் பரிவு காட்டியவை. பெயரை மறைத்தபோது, தன்விவரக் குறிப்பின் குறைகளை வாழ்சூழலோடு பொருத்திக் காணும் வாய்ப்பை அவை இழந்தன. மறைத்தல் எல்லாச் சூழலுக்கும் ஏற்ற மருந்தன்று என்பது இதனால் பெறப்படுகிறது.

நான்காவது, பொறுப்புகளைச் சுழற்சிமுறையில் பகிர்தல். தேர்வோடு உள்ளடக்கம் முடிந்துவிடுவதில்லை. லிண்டா பாப்காக் குழுவினரின் 2017ஆம் ஆண்டு ஆய்வு, பதவி உயர்வுக்கு உதவாத பணிகளை இருபாலார் கலந்த குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட 48 விழுக்காடு கூடுதலாக ஏற்பதைக் காட்டியது. ஆண்கள் மட்டுமே உள்ள குழுக்களில் ஆண்கள் தயங்காமல் முன்வந்தனர். எனவே இதனைப் பெண்ணின் இயல்பெனக் கூறுதல் பொருந்தாது. கல்லூரி விழாக்களில் வரவேற்பும் விருந்தோம்பலும் பெண் ஆசிரியர்களைச் சென்றடைவதும், ஆய்வுத்திட்டக் குழுக்கள் ஆண் ஆசிரியர்களைச் சென்றடைவதும் இவ்வகையினவே. விருப்பம் கேட்டுப் பணியளிப்பதை விடுத்து, பட்டியலிட்டுச் சுழற்சியில் அளித்தல் இதனைத் தடுக்கும்.

குடவோலை: நடைமுறையும் வாயிலும்

நடைமுறையால் சார்பைத் தடுக்கும் சிந்தனை தமிழ்மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழனின் காலத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் குடவோலை முறையை விரிவாகப் பதிவுசெய்துள்ளன. தகுதிகளும் தகுதியின்மைகளும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. முப்பது குடும்புகளுக்கும் தனித்தனியே பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் சபையோர் காண ஓலையை எடுத்தான். அதனைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்கினார். கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். தேர்வாளரின் நல்லெண்ணத்தை நம்பியிராமல், கைம்மோசடிக்கு இடமின்றி நடைமுறையையே இறுக்கமாக அமைத்தமை வியப்புக்குரியது.

எனினும், அக்குடத்தில் யாருடைய ஓலைகள் இடம்பெற்றன என்பதும் வினவத்தக்கது. கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் அகவை, வேதப் பயிற்சி ஆகியன 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும் தகுதிகள். பிரமதேயமாகிய அவ்வூரில் நிலமற்றோரும் வேதம் பயிலும் உரிமை மறுக்கப்பட்டோரும் அத்தகுதியைப் பெற வழியில்லை. குடத்திலிருந்து ஓலையை எடுக்கும் முறை நடுநிலையானது. குடத்தில் இடும் முறை அவ்வாறன்று.

இவ்வேறுபாட்டை இன்றைய சட்டம் மறைமுகப் பாகுபாடு எனக் குறிக்கிறது. லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் 2021 மார்ச் 25 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நிரந்தர ஆணையம் கோரிய பெண் இராணுவ அலுவலர்க்கும் ஆண்களுக்குரிய மருத்துவத் தகுதி விதியே இடப்பட்டது. ஆண்கள் அத்தகுதியைத் தம் பணியின் ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில், இளம் அகவையில் மெய்ப்பித்தவர்கள். உரிய காலத்தில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பெண்களோ நாற்பது அகவையைக் கடந்தபின் அதே அளவுகோலுக்கு உட்படுத்தப்பட்டனர். மேலும், நிரந்தர ஆணையம் பெறும் வாய்ப்பே இல்லாதிருந்த காலத்தில் அக்கறையின்றி எழுதப்பட்ட மந்தண அறிக்கைகள் அவர்களுக்கு எதிராகக் கொள்ளப்பட்டன. இவ்விதிகளின் சொற்களில் பாகுபாடு இல்லை, விளைவில் இருந்தது. இது மறைமுகப் பாகுபாடு என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதே நோக்கில் அமைந்துள்ளது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டுமென அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுகிறது. மாடியில் நடைபெறும் நேர்காணல் எல்லார்க்கும் ஒரே இடத்தில் நடைபெறுவதால் மட்டும் சமமானதாகிவிடாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. பணித்தேர்வில் சார்பு நிலவுவதற்குத் தனிமனிதரின் மனத்தை அளக்கும் சோதனைகளினும், நிகரான விண்ணப்பங்களை ஒப்பிடும் களச்சோதனைகள் வலுவான சான்றாகின்றன.

2. வரையறையற்ற பண்புகளை மதிப்பிடும் இடத்தில் சார்பு புக வாய்ப்பு மிகுதி. ‘குடும்பப் பின்னணி’, ‘ஆளுமை’ போன்ற தலைப்புகள் படிவங்களிலிருந்து நீக்கப்படவோ தெளிவாக வரையறுக்கப்படவோ வேண்டும்.

3. தமிழ்நாட்டில் ஊர், தெரு, பேச்சுவழக்கு ஆகியன பெயரின் இடத்தைப் பெறுகின்றன. இக்குறிகளைக் கருத்திற்கொண்ட களச்சோதனை முறைகளைத் தமிழ் ஆய்வுலகம் உருவாக்குதல் தேவை.

4. பயிற்சி விழிப்புணர்வைத் தரும். நடைமுறை மாற்றம் இல்லாதவிடத்து அதன் பயன் நிலைப்பதில்லை.

5. நடைமுறை நேர்மையாக அமைந்தபின்னும், தகுதி வரையறை யாரை வாயிலிலேயே நிறுத்துகிறது என்பதை நிறுவனங்கள் காலந்தோறும் ஆராய வேண்டும்.

நடுவுநிலைமைக்கு வள்ளுவர் காட்டும் உவமை துலாக்கோல். எடையிடுபவரின் மனம் எத்துணை நேர்மையானதாயினும் கோல் கோணியிருப்பின் நிறை பிழையாகும். பல்கலைக்கழகத் தேர்வுக்குழுக்கள் தம் கோலைத் தாமே சரிபார்க்கும் வழக்கத்தை, அடுத்த நேர்காணலுக்கான மதிப்பெண் படிவத்தை அச்சிடுமுன் தொடங்கலாம்.